தங்கராஜ் ரோடு

பூங்காவனத்தின் வேனில் இரண்டு செல்போன்கள் உண்டு. ஸ்டியரிங்குக்கு மேலே, கண்ணாடியை ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் உலகம் முழுக்க வைத்திருக்கிற மேப். இன்னொன்றில் நம் நாட்டுக்காரர்கள் செய்த மேப். முதலாவதற்குப் பெரியவ என்றும் இரண்டாவதற்குச் சின்னவ என்றும் பெயர் வைத்திருந்தாள். ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டு மருமகள்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அவற்றைப் பற்றிப் பேசுவாள்.

"பெரியவளுக்குக் கட கண்ணி எல்லாம் அத்துப்படி. இன்னா தெரியாதுன்னா, நாம மேல போறமா கீழ போறமான்னு தெரியாது. பாலத்து மேல ஏறிட்டு கீறேன், லெப்ட்ல திரும்புன்றா. திரும்புனா நேரா மேலோகந்தான். சின்னவ அதுல கெட்டிக்காரி. எங்க பள்ளம் கீது, எங்க ஸ்பீட் பிரேக்கர் கீது, எல்லாம் முன்னாடியே சொல்லிடுவா. ஆனா நேத்து ஒன்வே ஆன ரோடு இன்னிக்கு அவளுக்குத் தெரியாது. ஊர் வம்பு அவ காதுல ஏறவே ஏறாது."

இரண்டில் எது நம்பகமானது என்று கேட்டால், "ரெண்டு பேரும் ஒரே வழிய சொன்னா நம்பலாம். வேற வேற சொன்னா யார்னா டீக்கடையில கேட்டுக்கணும்," என்பாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பிறந்தது செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே. அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர்கள். அந்த வயல்களில் இப்போது குடோன்கள் நிற்கின்றன. அவள் புருஷன் கங்காதரன் அதில் ஒன்றில் வேலை செய்கிறான். வயல் போய்விட்டதே என்று யாராவது வருத்தப்பட்டால் பூங்காவனம் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அம்மாவின் கால்விரல் இடுக்கில் ஆறாமல் கிடந்த சேற்றுப்புண்ணுக்கு மருந்து வைத்தவள் அவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருஷம் சட்டைக்குக் காலர் தைத்தாள். கம்பெனி மூடியதும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு கொஞ்ச நாள் ஷேர் ஆட்டோ ஓட்டினாள். பிறகு இந்த வேன். பூந்தமல்லியில் உள்ள ஒரு டயாலிசிஸ் சென்டருக்காக, சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வீட்டிலிருந்து கூட்டிவருவதும், நாலு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தமான பிறகு திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவள் வேலை. ஆறு வருஷமாகச் செய்கிறாள்.

வேலையில் அவளிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. ஆளை ஏற்றும்போது முதலில் இடுப்பை சீட்டில் உட்கார வைப்பாள், பிறகு காலை உள்ளே திருப்புவாள். ஊசி ஏறும் கையைப் பிடித்துத் தூக்க மாட்டாள். திரும்பும் நடையில் வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பையும் ஈரத்துண்டும் தயாராக இருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

திங்கள், புதன், வெள்ளி முதல் ஷிப்டில் அவளுக்கு இரண்டு பேர். மண்ணூர்பேட்டை சின்னசாமியை நாலே முக்காலுக்கு ஏற்ற வேண்டும். பைபாஸைப் பிடித்துப் போரூர் வந்து, ஐயப்பன்தாங்கலில் தங்கராஜை ஐந்தரைக்கு ஏற்ற வேண்டும். ஆறு மணிக்குப் பூந்தமல்லி. ஆறுக்கு மெஷின் ஓடத் தொடங்கினால் பத்துக்கு முடியும். பத்தரைக்கு அதே நாற்காலியில் வேறு ஆள் உட்கார வேண்டும். ஆகவே லேட்டாக வந்தால் முடிகிற நேரம் தள்ளிப்போகாது, ஓடுகிற நேரம்தான் குறையும். அரை மணி குறைந்தால் அடுத்த முறை வரும்வரை கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், இரண்டு தலையணை போதாமல் உட்கார்ந்தே தூங்க வேண்டிவரும்.

வீடுகளைக் கண்டுபிடிப்பதே ஆரம்பத்தில் பெரும்பாடாக இருந்தது. சின்னசாமியின் மருமகள் விஜி லொகேஷன் அனுப்பினாள். அதைப் பிடித்துப் போனால் ரேஷன் கடை வந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால் விஜி ரேஷன் கடை வாசலுக்கு நடந்துபோய், அங்கே நின்று அனுப்பியிருக்கிறாள். அந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான். தங்கராஜின் மனைவி கோமளா அம்மாள் அதையும் தாண்டினார். லொகேஷன் அனுப்பத் தெரியாமல், பெங்களூரில் இருக்கிற மகனிடம் "நீ அனுப்பிடுப்பா" என்றார். அவன் தன் லொகேஷனை அனுப்பிவிட்டான். பூங்காவனம் அமுக்கிப் பார்த்தால் பெரியவ ஆறு மணி நேரம் என்றாள். சின்னவ ஐந்தே முக்கால் என்றாள்.

ஆட்களை உள்ளே விட்டபின் நாலு மணி நேரம் அவள் வேனிலேயே காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. விட்டுப்போன இடத்தைச் சேர்க்க, தவறான இடத்தைத் திருத்த, இரண்டு மேப்பிலும் வசதி உண்டு. அவள் ரேஷன் கடையைச் சரியான இடத்தில் வைத்தாள். மனை விற்றவர்களின் வரைபடத்தில் மட்டும் இருந்து, நேரில் முள்புதராகக் கிடக்கும் தெருக்களை எடுக்கச் சொன்னாள். இஸ்திரி வண்டி, தண்ணீர் டேங்க், வேன் நுழையாத சந்து என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அவள் சேர்த்த மருந்துக்கடையை நாலாயிரம் பேர் பார்த்ததாகப் பெரியவளிடமிருந்து கடிதம் வந்தது. தைத்த காலர்களை யார் போட்டுக்கொண்டார்கள் என்று யாரும் அவளுக்குக் கடிதம் போட்டதில்லை. கங்காதரனிடம் அதை மூன்று முறை படித்துக் காட்டினாள்.

தங்கராஜின் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். வீட்டை ஒட்டி நீளமாக ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் வழக்கில் கிடக்கும் காலி மனை, அதைத் தாண்டினால் பஸ் டெப்போ ஓரத்துத் தெரு. ஆனால் மதில் இருக்கிறபடியால், மெயின் ரோட்டில் வெகுதூரம் போய், மெட்ரோ வேலையால் மாறிக்கொண்டே இருக்கும் திருப்பங்களைக் கண்டுபிடித்துத் திரும்பி, உள்தெருக்களில் சுற்றி வர வேண்டும். போகவும் வரவும் அதே சுற்று. போன வருஷ மழையில் மதில் ஓர் இடத்தில் சரிந்தது. கற்களை யார் யாரோ எடுத்துப்போனார்கள். ஒரு வேன் போகிற அளவுக்கு வழி கிடைத்தது. டெப்போ தெருவிலிருந்து தங்கராஜ் வாசலுக்கு ஒரு நிமிஷம். இருபத்தைந்து நிமிஷம் மிச்சம்.

பூங்காவனத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே வேனில் உட்கார்ந்து இரண்டு மேப்பிலும் ஒரு கோடு போட்டாள். சாலையின் பெயர் என்ன என்று கேட்டது. காலியாக விட்டால் மேலே போகவில்லை. உள்ளே தங்கராஜ் மெஷினில் படுத்திருந்தார். ஆவடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் உதிரிபாகங்களுக்கு அளவு பார்த்தவர். ஒருநாளும் வேனில் தண்ணீர் பாட்டிலைக்கூட விட்டுவிட்டு இறங்காதவர். தங்கராஜ் ரோடு என்று அடித்து அனுப்பினாள். சின்னவ இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டாள். பெரியவ ஒன்பது நாள் யோசித்தாள், பிறகு அவளும் ஏற்றுக்கொண்டாள்.

அதைச் சின்னசாமியிடம் மட்டும் காட்டினாள்.

"அப்போ எனக்கு?" என்றார் சின்னசாமி.

"உனக்கு இன்னாத்துக்கு அண்ணாத்தே? ஏற்கெனவே ஆயிரம் தெரு கீது சின்னசாமின்னு."

"அது எவனோ சின்னசாமி. என் பேர்ல ஒரு சந்தாவது குடு. முட்டுச்சந்துன்னாலும் பரவால்ல."

ஒரு மாதம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு சாப்பாடு கொண்டுபோகிற பைக்குகள் அந்த வழியாக வரத் தொடங்கின. மெயின் ரோட்டு நெரிசலில் சிக்கிய வாடகைக் கார்களுக்குப் பெரியவ அந்த வழியைக் காட்டினாள். பள்ளி வேன்கள் வந்தன. ஒருநாள் தண்ணீர் லாரி ஒன்று வந்து திருப்ப முடியாமல் முக்கால் மணி நேரம் நின்றது. பிள்ளைகள் பந்து விளையாடுகிற சந்து அது. வாசலில் கோலம் போட உட்காருகிறவர்கள் முதுகில் ஹாரன் அடித்தார்கள்.

சந்திலிருக்கும் பதினான்கு வீடுகளும், சந்து முனையில் உள்ள இரண்டு அடுக்குமாடிகளும் சேர்ந்து ஒரு சங்கம். செயலாளர் ஜெகதீஷ், ஈரோட்டுக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சங்கத்தின் வாட்ஸாப்பில் ஒருவர் மேப்பைப் படம் எடுத்துப் போட்டார். யார் இந்தத் தங்கராஜ் என்று கேட்டார். நம் கடைசி வீட்டுக்காரர்தான் என்று இன்னொருவர். உயிரோடு இருக்கும்போதே தன் பெயரில் ரோடு போட்டுக்கொண்ட மனிதர் என்று மூன்றாமவர். அதற்குப் பதினெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வேன் வந்து நின்றபோது கோமளா அம்மாள் கையில் போனோடு நின்றார்.

"இதைப் பாத்தியா பூங்காவனம்? வீட்டு வாசல்ல ஒரு பெயர்ப்பலகை வைக்கக்கூட கூச்சப்படுற மனுஷன் இவரு. வண்டி வாகனம் எல்லாம் இவருதான் கூப்பிட்டு விட்டாராம். ராத்திரி ஒரு வாய் சாப்பிடல."

தங்கராஜ் சீட்டில் உட்கார்ந்து, "யாரும்மா இந்த வேலையைச் செஞ்சிருப்பாங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பூங்காவனம் அவர் காலைத் திருப்பி உள்ளே வைத்தாள். பெல்ட்டை மாட்டினாள்.

"தெரில சார்," என்றாள்.

பின் சீட்டிலிருந்த சின்னசாமி பூந்தமல்லி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு வந்தது அந்த ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை டெப்போ தெருவிலிருந்து திரும்பியபோது, மதில் உடைந்த இடத்தில் இரண்டு சிமெண்ட் உறைகள் நின்றன. கிணற்றுக்கு இறக்குகிற உறைகள், மண் நிரப்பியவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பைக் போகலாம். வேன் போகாது. பூங்காவனம் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மெயின் ரோட்டுக்கு வந்து, பழைய சுற்றில் போனாள். சென்டரை அடையும்போது ஆறு நாற்பது. நர்ஸ் லாவண்யா கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்று மணி இருபது நிமிஷம் என்று மெஷினில் வைத்தாள்.

புதன்கிழமை பூங்காவனம் அரை மணி முன்னதாகக் கிளம்பினாள். குடோன் லாரிகள் அடைத்துக்கொண்டு போகிற நேரம் அது. அப்படியும் ஆறு இருபத்தைந்துதான். சின்னசாமி இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஏறி, வானகரம் அருகே வியர்த்துப்போய், பாக்கெட்டிலிருந்த பிஸ்கட்டைத் தின்றார். திரும்பும்போது அதைவிட மோசம். டயாலிசிஸ் முடிந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். தங்கராஜுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இறங்கும். பதினோரு மணி வெயிலில், நெரிசலில், ஐம்பது நிமிஷம். ஒரு பை போதவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது அவர் உதடு வெளுத்திருந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படியே.

அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்குமுன் அவர் லாவண்யாவிடம், "இனி எனக்கு வாரத்துக்கு ரெண்டு போதும்மா. வெள்ளிக்கிழமை வேண்டாம்," என்றார்.

"டாக்டர் ஒத்துக்க மாட்டாரு சார்."

"டாக்டர் அந்த வண்டியில வந்து பாக்கட்டும்."

லாவண்யா வெளியே வந்து பூங்காவனத்திடம் சொன்னாள். "அக்கா, வெள்ளிக்கிழமை சீட்டுக்குக் காத்துக்கிட்டு ஒருத்தர் இருக்காரு. ஒண்ணாந்தேதி வரைக்கும்தான் என்னால நிறுத்தி வைக்க முடியும். அப்புறம் இவரே கேட்டாலும் கிடையாது."

மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துக்கொண்டவர்களை பூங்காவனம் பார்த்திருக்கிறாள். முதல் மாதம் நன்றாகத்தான் இருப்பார்கள், ஒருநாள் மிச்சம் என்று சந்தோஷப்படுவார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் போவார்கள். அவர்களில் இரண்டு பேரை அவள் திரும்பப் பார்க்கவில்லை.

அன்று அவரை வீட்டில் இறக்கி, கட்டிலில் சாய்த்து, தலைமாட்டை உயர்த்திவிட்டு, அவள் கிளம்பவில்லை.

"சார், அந்தப் பேர வச்சது நான்தான். ரோட்டப் போட்டதும் நான்தான். அன்னிக்கு நீங்க கேட்டப்ப தெரிலன்னு சொன்னது பொய்யி."

கோமளா அம்மாள் தண்ணீர் டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டார். "எட்டு நாளா தெருவுல தலைகாட்ட முடியாம இருக்கேன். நீ தினமும் என் கையாலதான் காபி வாங்கிக் குடிச்சே," என்றார்.

"ஆமாம்மா."

தங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அந்த வழி வேப்பமரத்துக்கிட்ட வளையுது. நீ நேர்கோடா போட்டிருக்கே," என்றார்.

பூங்காவனம் அவரைப் பார்த்தாள்.

"அளவும் தப்பு. இருநூறு மீட்டருக்கு மேல வரும். நூத்தி எழுபதுன்னு காட்டுது. நான் பெரிசு பண்ணிப் பாத்தேன்." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "யாரு போட்டாங்கன்னு தெரியல, ஆனா அளவு தெரியாத ஆளுன்னு அப்பவே நினைச்சேன்."

கோமளா அம்மாள் டம்ளரைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தார், கொஞ்சம் சத்தமாக.

அன்று சாயங்காலமே பூங்காவனம் இரண்டு மேப்பிலும் ரோட்டை எடுக்கச் சொல்லி எழுதினாள். சனிக்கிழமை சின்னவ எடுத்துவிட்டாள். பெரியவளிடமிருந்து பதில் வந்தது: உங்கள் திருத்தத்தை எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. மறுபடி எழுதினாள். மறுபடி அதே பதில்.

ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலியில் முப்பது பேர் இருந்தார்கள். பூங்காவனம் யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். வெளி ஆளுக்குப் பேச இடமில்லை என்றார் இளங்கோ, பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனவர், உறை வைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவரும் அவரே. இரண்டு நிமிஷம் பேசட்டுமுங்க என்றார் ஜெகதீஷ்.

அவள் ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. ரோட்டைப் போட்டது யார், பேரை வைத்தது யார், அது தங்கராஜுக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னாள். ஒன்றாம் தேதிக்குள் வேனுக்கு வழி கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை நாற்காலி போய்விடும் என்றாள். அது போனால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள், ஆம்புலன்ஸ் உட்பட.

இளங்கோ, "உங்க வண்டிய விடலாம்மா. உங்க வண்டியால எங்களுக்குத் தொந்தரவே கிடையாது. ஆனா உறைய எடுத்த அன்னைக்கே அந்த மேப் ஊரையே கூட்டிக்கிட்டு வந்துடும். அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

"சின்னவ எடுத்துட்டா சார். பெரியவதான் அடம் புடிக்கிறா."

"யாரு பெரியவ?"

அதை விளக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஜெகதீஷ் அவள் போனை வாங்கிப் பதிலைப் படித்தார்.

"அக்கா, இது நீங்க சொல்றதை வச்சு மட்டும் முடிவு பண்றதில்லீங்க. யாரோட போனெல்லாம் அந்த வழியா நகருதுன்னு பாக்கும்னு நினைக்கிறேன். போன் போய்க்கிட்டே இருந்தா, ரோடு இருக்குதுன்னுதான் அது நம்பும்."

"அதான் உறை போட்டு அடைச்சிட்டோமே," என்றார் இளங்கோ.

"பைக்கு போவுது சார்," என்றாள் பூங்காவனம். "வெள்ளிக்கிழமை நான் அரை மணி நேரம் நின்னுகினு எண்ணுனேன். நாப்பத்தி மூணு. அதுல சாப்பாட்டு பைக்கு முப்பத்தி நாலு. மீதி ஒம்போதுலயும் இந்த பிளாட்டு ஸ்டிக்கரு."

முப்பது பேரும் அவரவர் கையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். "அங்கிள், நீங்களும் பேப்பர் வாங்க அந்த வழியாத்தானே போறீங்க?"

"நடந்துதான் போறேன்," என்றார் இளங்கோ.

"போன் பாக்கெட்ல இருக்குமுங்களே," என்றார் ஜெகதீஷ்.

அதற்குப் பிறகு கூட்டம் வேறு மாதிரி போயிற்று. மூன்று வாரம் யாரும் பைக்கில் அந்த வழியாகப் போவதில்லை, நடந்து போகிறவர்கள் போனை அணைத்துவிட்டுப் போக வேண்டும், இரண்டு உறைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று என்று தீர்மானமாயிற்று. வீட்டுக்கு ஒருவர் பெரியவளிடம் இந்த ரோடு இல்லை என்று எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கும் தெரியவில்லை. அவர்கள் மேப்பைப் பார்த்தவர்கள்தான், திருத்தியவர்கள் இல்லை. பூங்காவனம் நாற்காலி நாற்காலியாகப் போய், கோட்டின் மேல் விரலை வைத்து அழுத்தச் சொல்லி, எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று காட்டினாள். "அவசரப்படாதீங்க. எல்லாம் ஒரே வார்த்தைய எழுதாதீங்க, காப்பியடிச்ச மாரி இருக்கும்," என்றாள்.

மூன்று வாரத்துக்குத் தங்கராஜ் என்ன செய்வார் என்று கடைசியில் கேட்டது இளங்கோதான். வேன் டெப்போ தெருவில் நிற்கும், வீட்டிலிருந்து அதுவரை சக்கர நாற்காலியில் கொண்டுவர ஆள் வேண்டும் என்றாள் பூங்காவனம். காலை ஐந்தரைக்கு, இரண்டு பேர். முதல் திங்கட்கிழமைக்கு இளங்கோ தன் பெயரைச் சொன்னார். ஜெகதீஷும் சேர்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை இருவரும் நாற்காலியைத் தள்ளினார்கள். முன்சக்கரம் மண்ணில் புதைந்தது. இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். தங்கராஜ் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டார். பூங்காவனம் ஓடிவந்து நாற்காலியைத் திருப்பினாள்.

"மணல்ல தள்ளக் கூடாது சார், இழுக்கணும். முதுகுப் பக்கமா சாய்ச்சி, பெரிய சக்கரத்து மேல இழுங்க. அவரு காலு பின்னாடி வரட்டும்."

உறைகளின் ஓரத்தில் மதிலை இன்னும் இரண்டடி இடித்து நாற்காலிக்கு மட்டும் வழி செய்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஜெகதீஷ் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்: போனை அணைத்துவிட்டுச் செல்லவும். வேப்பமரத்தைத் தாண்டும்போது தங்கராஜ், "இங்கதான் வளையுது," என்றார். இளங்கோ மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆமா சார், வளையுது," என்றார். அவர் தங்கராஜிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நேரடியாக மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் புதன்கிழமை அவர் முறை இல்லாதபோதும் வந்து நின்றார்.

வேனுக்குள் சின்னசாமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். "வாய்யா ரோடு ஓனரு. ரெண்டு ஆபீசருங்க இழுத்துகினு வராங்க உன்ன. என்ன ஒருத்தன் தூக்கறானா பாரு."

"நீங்க நல்லா நடக்கிறீங்களே," என்றார் தங்கராஜ்.

"அதான் என் தப்பு."

சாப்பாட்டு பைக்குகள் முதல் வாரம் வந்து, மூன்று உறைகளைப் பார்த்துத் திட்டிவிட்டுத் திரும்பின. இரண்டாம் வாரம் பாதியாகக் குறைந்தன. பூங்காவனம் டெப்போ தெருவுக்குள் நுழையுமுன் தன் இரண்டு போனையும் அணைத்துவிடுவாள். ஒவ்வொரு நாளும் சென்டர் வாசலில் வண்டியை நிறுத்தியதும் பெரியவளைத் திறந்து பார்ப்பாள். கோடு இருந்தது. இருந்தது. பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, ஒன்றாம் தேதிக்கு நாலு நாள் இருக்கையில், கோடு இல்லை. மதிலிலிருந்து டெப்போ தெருவரை வெறும் வெள்ளை. அவள் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள், பிறகு ஜெகதீஷுக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் சேர்ந்து மூன்று உறைகளையும் உருட்டித் தள்ளினார்கள். அந்த இடத்தில் இரண்டு இரும்புக் குழாயை நட்டு, சங்கிலி போட்டு, பூட்டினார்கள். ஒரு சாவி கோமளா அம்மாளிடம். இன்னொன்றை இளங்கோ பூங்காவனத்திடம் கொடுத்தார். கொடுக்கும்போது, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார்; முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை வேன் வாசலுக்கே வந்தது. கோமளா அம்மாள் காபியோடு நின்றார். மூன்று வாரமாக வராத காபி. பூங்காவனம் வாங்கிக் குடித்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"சீனி போதுமா?" என்றார் கோமளா அம்மாள்.

"கொஞ்சம் ஜாஸ்தி."

"இருக்கட்டும்."

சென்டரில் எடை பார்த்தபோது தங்கராஜுக்கு ஏறியிருந்த நீர் இரண்டு கிலோவுக்கும் குறைவு. லாவண்யா குறித்துக்கொண்டாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டிவிட்டு, "அந்த வெள்ளிக்கிழமை சீட்டைக் கொடுத்துட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல சார். நாளைக்குக் கொடுக்கணும். அவரு தினமும் போன் பண்றாரு."

"அவருக்கு வேற நாள் பாருங்க. எனக்கு வேணும்."

லாவண்யா நோட்டில் அடித்திருந்ததன் மேல் மறுபடி அவர் பெயரை எழுதினாள். ஆறு மணி நாலு நிமிஷத்துக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரம் என்று காட்டியது.

வெளியே பூங்காவனம் சீட்டைச் சாய்த்துப் படுத்தாள். போன்களைப் போட்டதும் பெரியவளிடமிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. ஐயப்பன்தாங்கலில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி, இங்கே வாகனம் செல்லும் சாலை உள்ளதா, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

இல்லை என்பதைத் தொட்டு அனுப்பிவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பூங்காவனம் தூங்கப் போனாள்.